செவலை இருக்கும் இடம்

காலையில் முதல் கறவைக்குச் செவலை வந்திருந்தது. இரண்டாவது கறவைக்கு வரவில்லை.

கோடை மேய்ச்சலுக்கு மலையேறிய பிறகு பெட்டைக் குதிரைகளை நாங்கள் கட்டிப்போடுவதில்லை. குட்டிகளைக் கட்டிவிட்டால் போதும். தரையோடு தரையாக இழுத்துக் கட்டிய நீளக் கயிற்றில் குட்டிகள் வரிசையாக நிற்கும். தாய்கள் பக்கத்துச் சரிவில் மேய்ந்துகொண்டிருக்கும். மடி கனத்ததும் தாமாகவே இறங்கி வரும். குட்டியை ஒரு வாய் சப்பவிட்டு, அப்புறம் அதைத் தாயின் முகத்துப் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டு கறக்க வேண்டும். குட்டி கண்ணில் படாவிட்டால் பெட்டை பாலை இறக்காது. வெயிலோ மழையோ, பகல் முழுக்க இதுதான் வேலை. கறந்த பால் புளிக்க வைக்கும் மரத் தொட்டிக்குப் போகும். அந்தப் புளித்த பாலுக்குக் குமிஸ் என்று பெயர், அதைக் கடைகிற சத்தம் எங்கள் கூடாரங்களில் ஓய்வதேயில்லை.

அன்றைக்கு மூடுபனி. பத்தடிக்கு அப்பால் நிற்கிறவர் யாரென்று தெரியாது. ஜூரா அண்ணி வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கயிற்றோரமாக நடந்து வந்தவள், செவலையின் குட்டியருகில் நின்றாள். அது கயிற்றை இழுத்து இழுத்துக் கனைத்துக்கொண்டிருந்தது.

"தம்பி சபிர், அந்தப் பக்கம் செவலை நிக்குதா பாரு" என்று கத்தினாள்.

என் கூடாரம் அவர்கள் கூடாரத்துக்குப் பக்கத்துக் கூடாரம். பல கோடைகளாக நாங்கள் சேர்ந்துதான் மலையேறுகிறோம். என்னிடம் பழைய ஜீப் ஒன்று உண்டு. மாவு, உப்பு, நோயாளி, விருந்தாளி எல்லாம் அதில்தான் ஏறி இறங்கும். நான் போய்ப் பார்த்தேன். மற்ற பெட்டைகள் எல்லாம் நின்றன. செவலை இல்லை.

அண்ணியின் கணவர் மம்பெத் அண்ணன் கூடாரத்துக்குள்ளிருந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார். "எங்க போயிருக்கும், மேட்டுப் பக்கம் நல்ல புல்லு. வயிறு முட்டத் தின்னுட்டு வரும்" என்றார். ஆனாலும் உடனே குதிரையில் சேணத்தைப் போட்டார். நானும் ஏறினேன்.

மதியம் தாண்டியும் தேடினோம். பனி விலகி, நனைந்த புல் பளபளவென்று தெரிய ஆரம்பித்தது. ஓடைக் கரையில் சேற்றில் குளம்புத் தடங்கள் இருந்தன. அண்ணன் இறங்கிக் குனிந்து பார்த்தார். ஒரு குதிரையின் தடத்துக்குப் பக்கத்திலேயே, நெருக்கமாக இன்னொரு குதிரையின் தடம். லாடம் அடித்த குதிரை. செவலைக்கு லாடம் இல்லை.

"ஓநாய் இல்ல" என்றார்.

"இல்லண்ணே."

"எவனோ குதிரையில வந்து, கயிறு போட்டுக் கூட்டிட்டுப் போயிருக்கான். பட்டப்பகல்ல. நான் பக்கத்துலயே உக்காந்து டீ குடிச்சிட்டிருந்திருக்கேன்."

கணவாய்க்கு ஏறும் பாதையில் தடம் கல்லில் கரைந்துவிட்டது. அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை. சாதாரணமாக வாய் ஓயாத மனிதர். யார் வீட்டு விருந்திலும் முதல் கிண்ணத்தை உயர்த்திப் பேசுகிறவர் அவர்தான்.

திரும்பி வந்தபோது அண்ணி பசும்பாலில் வெந்நீர் கலந்து, கந்தல் துணியை முக்கிக் குட்டியின் வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். அது துப்பியது.

"கெடைக்கலியா?"

"கெடைக்கல."

"கழுத்துல போன் இருக்கே" என்றாள் அண்ணி. "மேட்டுக்குப் போய்ப் பாத்தீங்களா?"

எங்கள் கூடாரங்களுக்குப் பின்னால் ஒரு மேடு. கீழ்ப் பள்ளத்தாக்கின் டவர் அங்கே மட்டும் கொஞ்சம் எட்டும். யாருக்குப் பேச வேண்டுமானாலும் அங்கேதான் ஏறி நிற்க வேண்டும்.

அந்தப் போனின் கதை இதுதான். சுற்றுவட்டாரத்தில் குதிரைத் திருட்டு அதிகமாகிவிட்டது. வசந்தத்தில் நாங்கள் மலையேறத் தயாராகும் சமயம், அண்ணனின் கட்டிக்கொடுத்த மகள் அசில் அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் வைத்திருந்த பழைய போன் பெட்டியில் கிடந்தது. அதையும் ஒரு பவர் பேங்கையும் சேர்த்துத் தண்ணீர் புகாத டப்பாவில் வைத்து, கம்பளித் துணியில் தைத்து, செவலையின் கழுத்துப்பட்டையில் பிடரிமயிர் மறைக்கிற மாதிரி கட்டியது அவள்தான். அது இருக்குமிடம் அப்பாவின் போனில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும்படியும் செய்துகொடுத்தாள்.

"தான் எங்க நிக்கறோம்னு அதுக்குத் தெரியும்ப்பா. மேல சுத்தற சேட்டிலைட் சொல்லிரும். அதை உங்களுக்குச் சொல்லணும்னாத்தான் டவர் வேணும். டவர் இல்லாத எடத்துல தெரிஞ்சும் வாய மூடிட்டிருக்கும்" என்று அன்றைக்கு அவள் விளக்கியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"உங்கம்மா மாதிரியா?" என்று அண்ணன் சிரித்தார்.

மேட்டில் ஏறிப் பார்த்தோம். புள்ளி நேற்றுச் சாயங்காலம் இதே மேட்டில் நின்றதாகக் காட்டியது. அதற்கப்புறம் எதுவும் இல்லை.

*

மறுநாள் காலை மூவரும் ஜீப்பில் கீழே ஊருக்கு இறங்கினோம். கறவையை என் மனைவி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். அண்ணனுக்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும். அண்ணிக்குக் குட்டிக்குப் பால் புகட்ட ரப்பர் காம்பு வாங்க வேண்டும்.

அந்த ஊர்க் காவல் அதிகாரி கேப்டன் நுர்தின், வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். புகாரைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"உங்க குதிரைகிட்ட போன் இருக்கா? என் மச்சான்கிட்டயே இல்லியே."

"இருக்கு. டவர் கெடைக்கற எடத்துக்கு வந்தா புள்ளி தெரியும்" என்றார் அண்ணன்.

அதன் பிறகு நுர்தின் சிரிக்கவில்லை. அண்ணனின் போனை வாங்கி, புள்ளி தன் போனிலும் தெரியும்படி செய்துகொண்டார். "இந்த வருஷம் எத்தனை பேர் இப்படி அழுதுட்டு வந்தீங்க. ஒருத்தனையாவது குதிரையோட புடிக்கணும். குதிரைத் திருட்டுக்கு இப்ப கடுமையான தண்டனை. உள்ள போனா சீக்கிரம் வெளிய வர முடியாது" என்றார்.

"போகட்டும். வாயில்லாப் பிள்ளைகிட்டருந்து தாயப் பிரிச்சவன் உள்ளயே கெடக்கட்டும்" என்றார் அண்ணன்.

சந்தைத் தெருவில் காம்பு வாங்கிக்கொண்டு, ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரப் பெண் ரொட்டியைப் பிய்த்து வைத்துவிட்டுப் போனாள். அண்ணன் போனை மேசைமேல் எதிரில் வைத்திருந்தார். அது ஒரு முறை அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தார். பார்த்தவர் அதைச் சட்டென்று கவிழ்த்து வைத்தார்.

"வந்துருச்சா?" என்றாள் அண்ணி.

அவர் ரொட்டியை எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். அண்ணி கையை நீட்டிப் போனை எடுத்தாள். அவளுக்கு வரைபடம் பார்க்கத் தெரியாது, என்னிடம் நீட்டினாள்.

புள்ளி தெரெக்தியில் நின்றது. கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊர். பள்ளிவாசலுக்குப் பின்தெரு, வாய்க்காலை ஒட்டிய வரிசை. அந்த வரிசையில் எனக்குத் தெரிந்த வீடு ஒன்றுதான். அசிலைக் கட்டிக்கொடுத்த வீடு.

"தெரெக்தி" என்றேன்.

அண்ணி ரப்பர் காம்பைக் கையில் வைத்து நசுக்கிக்கொண்டே இருந்தாள். "அங்க யார் வீடு?"

"புள்ளியச் சுத்தி ஒரு வட்டம் இருக்குல்ல, அதுல நாலஞ்சு வீடு வருது அண்ணி. கூரைக்கு அடியில நின்னா சரியாக் காட்டாது."

"ஆமா, வட்டத்துல பள்ளிவாசல் ஓரமும் வருது. இமாம் திருடிட்டார்னு சொல்லுவமா?" என்றார் அண்ணன்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"அசிலுக்குப் போன் போடுங்க" என்றாள் அண்ணி.

"போட்டு என்னன்னு கேக்கறது? உன் மாமனார் என் குதிரையத் திருடினாரான்னா?"

"நல்லாருக்கியான்னு கேளுங்க. மாசமா இருக்கற புள்ள."

"வேணாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அண்ணே, அந்தப் புள்ளி கேப்டன் போன்லயும் தெரியுமே."

அண்ணன் எழுந்துவிட்டார். டீ பாதியில் இருந்தது.

*

பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு போகிற சாலை. ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. இருபுறமும் வைக்கோலுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். முன்சீட்டில் அண்ணன், பின்னால் அண்ணி. கொஞ்ச தூரம் போனதும் அண்ணிதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"நீங்க சொன்ன சொல்லு அது."

"இப்ப எதுக்கு அதை எடுக்கற?"

"எப்ப எடுக்கறது? கல்யாணத்துல நாலு பேர் முன்னாடி கிண்ணத்தத் தூக்கிப் புடிச்சிட்டு சொன்னீங்க. என் மந்தையிலயே நல்ல பெட்டை செவலை, அது சம்பந்தி வீட்டுக்கு, முதல் குட்டி போட்டதும் நானே ஓட்டிட்டு வந்து கட்டுவேன்னீங்க. நான் கேட்டனா? அவங்க கேட்டாங்களா?"

"குடுக்க மாட்டேன்னு சொன்னனா?"

"முதல் குட்டி போட்டுச்சு. பால் நல்லாருக்கு, இந்தக் கோடை போகட்டும்னீங்க. குளிர் வந்துச்சு. பாதையில பனி, வசந்தத்துல பாக்கலாம்னீங்க. இப்ப ரெண்டாவது குட்டியும் போட்டாச்சு. அந்த வெக்கத்துலயே பொண்ணு வீட்டுக்கு ரெண்டு வருஷமாப் போகாம இருக்கீங்க. அவ வந்தா மட்டும் பேசறீங்க."

"அதுக்கு? திருடலாமா? கேட்டு வாங்கியிருக்கணும். வாசல்ல வந்து நின்னு, சம்பந்தி, சொன்னது எங்கன்னு கேட்டிருந்தா அவுத்துக் குடுத்திருப்பேன்."

"எப்படிக் கேப்பாங்க? குடுக்கறவன் குடுக்கணும்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "சபிர், நீ சொல்லு. நான் குடுக்காத ஆளா?"

நான் சாலையைப் பார்த்தபடி ஓட்டினேன். உண்மையைச் சொன்னால், அவர் வீட்டில் பசியோடு யாரும் திரும்பியதில்லை. ஆனால் செவலை விஷயத்தில் அவருக்கு மனசு வரவில்லை. வாளி நிறையக் கறக்கும் பெட்டை, அதுவும் குணமான பெட்டை, பத்து வருஷத்துக்கு ஒன்றுதான் அமையும்.

"குடுக்கற ஆளுதான்ணே" என்றேன். "ஆனா இதக் குடுக்கல."

*

அசிலின் மாமனார் எசெனாலியின் வீட்டு வாசலில் புதிதாக வெட்டிய விறகு குவிந்திருந்தது. பெரிய இரும்புக் கொப்பரைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவருடைய அப்பா இறந்து வருஷமாகிறது. அந்த வாரக் கடைசியில் நினைவுச் சாப்பாடு என்று எங்களுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். இந்தப் பக்கத்தில் அந்தச் சாப்பாட்டுக்குக் குதிரைக் கறி இல்லாமல் முடியாது.

எசெனாலி ஒல்லியான, சத்தமில்லாத மனிதர். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு கணம் எதுவுமே இல்லை. பிறகு இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

"வாங்க சம்பந்தி. இப்பவாவது வழி தெரிஞ்சுதே."

"தெரிஞ்சுது சம்பந்தி" என்றார் அண்ணன்.

உள்ளே விரிப்பைப் போட்டார்கள். எசெனாலியின் மனைவி கலீமா பொரித்த மாவுத் துண்டுகளையும் வெண்ணெயையும் கொண்டுவந்து பரப்பினாள். அசில் தலைத்துணியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து டீ ஊற்றினாள். மாமனார் இருக்கும் இடத்தில் மருமகள் பேசக் கூடாது. வயிறு நன்றாகத் தெரிந்தது. கிண்ணத்தை நீட்டும்போது அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மருமகன் குபாத்தைக் காணவில்லை.

"மலையில எல்லாரும் சௌக்கியமா? குதிரைங்கல்லாம் நல்லாருக்கா?" என்றாள் கலீமா.

கேட்பது வழக்கம்தான். குதிரைகள், ஆடுகள், பிள்ளைகள், பிறகு நோய்கள் என்று கேட்டுக்கொண்டே போவோம். ஆனால் அண்ணி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"இருக்கறது நல்லாருக்கு சம்பந்தியம்மா."

"எங்களுக்குக் குதிரையப் பத்தி என்ன தெரியும்? எங்க வீட்டுல காத்துக் குதிரைதான கட்டியிருக்கோம். தீனியும் வேணாம், தண்ணியும் வேணாம்."

"கலீமா" என்றார் எசெனாலி.

"தமாசுக்குச் சொன்னேன். சம்பந்திங்க தமாசு பண்ணிக்கறதில்லியா?"

அசில் கெண்டியைச் சாய்த்து அடுத்த கிண்ணத்தில் ஊற்றினாள். அந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர் என்று பிறகு தெரிந்தது: காத்துக் குதிரைக்காரி. ரொட்டி கருகினாலும் அதுதான், வாளி கவிழ்ந்தாலும் அதுதான்.

கறி வந்தது. ஒரு பெரிய தட்டு, ஆவி பறந்தது. எசெனாலி கத்தியைத் துடைத்து அண்ணனிடம் நீட்டினார். அறுத்துப் பரிமாறுகிற மரியாதை விருந்தாளிக்கு. அண்ணன் கத்தியை வாங்கினார். ஆனால் கறியில் வைக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கறி சம்பந்தி?" என்றார்.

"ஆட்டுக் கறி. நேத்து அறுத்தது."

"ஆட்டுக் கறியா."

"பாத்தாத் தெரியாதா?" என்றாள் கலீமா.

அப்போது வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு கனைப்பு கேட்டது. நீளமாக, இடையில் உடைந்து, மறுபடி எழுந்து. பால் கட்டிய பெட்டை குட்டியைக் கூப்பிடுகிற குரல். எனக்கே அது யாருடைய குரல் என்று தெரிந்தது. அண்ணனுக்குக் கேட்கவே வேண்டாம்.

எசெனாலி விரிப்பின் பூவேலையைப் பார்த்தார். கலீமா ரொட்டித் துண்டுகளை நேராக அடுக்கினாள். அண்ணன் கறியில் கத்தியை வைத்து மெல்லியதாக அறுத்து, முதல் துண்டை எசெனாலியின் முன்னால் வைத்தார். இரண்டாவதை எனக்கு வைத்தார். தனக்கும் ஒன்று எடுத்து வாயில் போட்டு மென்றார். நானும் மென்றேன்.

அண்ணி எழுந்தாள். "நான் புள்ளகூடக் கொஞ்சம் அடுப்படியில இருக்கேன்."

*

அடுப்படியில் நடந்ததை அண்ணி அப்புறம்தான் எனக்குச் சொன்னாள். கதவைச் சாத்தியதும், "குபாத் எங்கடி?" என்று கேட்டாளாம்.

"கொட்டகையில."

"அவன்தான் கொண்டு வந்தானா?"

"அவர்தான்மா. ஆனா எங்க நிக்குதுன்னு சொன்னது நான்."

அண்ணிக்குப் புரியவில்லை. அசில் தன் போனை எடுத்துக் காட்டினாள். பழைய போன் அவளுடையதுதானே. அப்பாவுக்குத் தெரிகிற அதே நீலப் புள்ளி அவளுக்கும் தெரியும். சாயங்காலம் குதிரைகள் மேட்டுப் பக்கம் ஒதுங்கும்போதெல்லாம் அவள் இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த ஓடையைத் தாண்டி, எந்தச் சரிவில் ஏறினால் கூடாரத்து ஆட்கள் கண்ணில் படாமல் போகலாம் என்று புருஷனுக்குச் சொன்னதும் அவள்தான்.

"பாவி" என்றாள் அண்ணி. "உங்கப்பா போலீசுல சொல்லிட்டாரு. புள்ளி அந்த ஆள் போன்லயும் தெரியுது."

அசில் அடுப்பருகில் அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

*

நாங்கள் வெளியே வந்தபோது கேப்டன் நுர்தின் வண்டியிலிருந்து இறங்கி, போனைக் கையில் ஏந்தியபடி முற்றத்தில் நின்றிருந்தார். திரையைப் பார்ப்பதும், ஒரு அடி வைப்பதும், மறுபடி திரையைப் பார்ப்பதுமாக வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார். எங்களை அவர் கவனிக்கவில்லை. வைக்கோல் போருக்குப் பின்னால் தாழ்வான கொட்டகை. அதன் கதவை அடைத்துக்கொண்டு குபாத் நின்றான்.

"தள்ளு" என்றார் நுர்தின்.

குபாத் தள்ளவில்லை. கதவு இடுக்கில் செவலையின் மூக்கு தெரிந்தது. அண்ணனின் வாசனை பட்டதும் அது மறுபடி கனைத்தது.

நுர்தின் திரும்பி அண்ணனைப் பார்த்தார். "நீங்க எனக்கு முன்னாடியே வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. இது உங்க பெட்டைதான?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அசில் அடுப்படி வாசலிலிருந்து வந்துவிட்டாள். தலைத்துணி நழுவிக் கழுத்தில் கிடந்தது. மாமனார், மாமியார், அந்நியர் எல்லாரும் நிற்கிற இடத்தில் அவள் உரக்கப் பேசினாள்.

"அவர் திருடல. நான்தான் போகச் சொன்னேன். அந்தப் போன் என்னோடது. எங்க மேயுதுன்னு பாத்துச் சொன்னதும் நான்தான். எழுதிக்கறதா இருந்தா என் பேரை எழுதிக்குங்க."

"உள்ள போடி" என்றாள் கலீமா, குரல் எழும்பாமல்.

நுர்தின் அவள் வயிற்றைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். அந்த வீட்டுக் கோழி ஒன்று அவர் காலருகில் கொத்திக்கொண்டிருந்தது. அதைக் காலால் விலக்கினார்.

"சொல்லுங்க பெரியவரே."

அண்ணன் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். "நான்தான் மகள்கிட்டச் சொன்னேன். ஆள அனுப்பி ஓட்டிட்டுப் போன்னு. இது சம்பந்திக்குக் கல்யாணத்துலயே நான் குடுத்த பெட்டை. ஊர்ல கேட்டுப் பாருங்க, எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப காலைல எங்கிட்ட வந்து அழுதது?"

"மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்க."

"வயசாச்சு. மறந்துட்டேன்."

"வாயில்லாப் பிள்ளைகிட்டருந்து தாயப் பிரிச்சவன்னு சொன்னீங்களே?"

அண்ணன் கதவிடுக்கில் தெரிந்த மூக்கையே பார்த்தார். நுர்தின் போனை அணைத்துப் பையில் போட்டார். "குதிரை கழுத்துல கட்டறதுக்கு முன்னாடி உங்க கழுத்துல ஒண்ணக் கட்டிக்குங்க. நாளைக்கு வந்து, புகார் வேணாம்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

புழுதி அடங்கும்வரை ஒருவரும் நகரவில்லை. பிறகு குபாத் மெதுவாகக் கதவிலிருந்து விலகி, "மாமா" என்றான். மேலே வரவில்லை.

"வெட்டறதுக்கா கொண்டு வந்த?" என்றார் அண்ணன்.

"இல்ல மாமா. எனக்குத் தெரியல. கொண்டு வந்து கட்டிட்டாப் போதும், பேச்சு நின்னுரும்னு நெனச்சேன்."

எசெனாலி முன்னால் வந்தார். "காலைல எழுந்து பாத்தா கொட்டகையில நிக்குது. மாமா குடுத்தார்னான். நம்பினேன்னு சொல்ல மாட்டேன் சம்பந்தி. கேக்காம இருந்துட்டேன். நீங்க ஓட்டிட்டுப் போங்க."

"சொன்னது சொன்னதுதான். இங்கயே நிக்கட்டும்."

"எனக்கு வேணாம்."

"எனக்கும் வேணாம்" என்றார் அண்ணன்.

இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பெட்டை நின்றது. மடி கல்லாகக் கட்டியிருந்தது. காம்புகளிலிருந்து பால் தானாகவே சொட்டி, வைக்கோலில் வெள்ளையாகக் கிடந்தது. அண்ணி யாரையும் பார்க்காமல் உள்ளே போய், ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, அதன் மடியைத் தடவ ஆரம்பித்தாள். குட்டி இல்லாமல் அது இறக்கவில்லை. அண்ணி அதன் விலாவில் நெற்றியை வைத்து, குட்டிக்குச் சொல்வதுபோல் என்னவோ முனகிக்கொண்டே பீய்ச்சினாள். கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் விழுந்தது. வாளி கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை.

அசில் கதவருகில் வந்து நின்றாள்.

"நீ எங்களோட வந்துரு" என்றாள் அண்ணி, தலையைத் திருப்பாமல்.

"வரல்லம்மா."

"இவங்க உன்ன சும்மா விட மாட்டாங்க இனிமே."

"தெரியும். வரல்ல."

அண்ணன் மகளை அப்போதுதான் நேராகப் பார்த்தார். "ஒண்ணு கேக்கறேன். திருடப் போறவன் முதல்ல கழுத்துப்பட்டையக் கழட்டி எறிவான். புத்தி இருக்கறவதான நீ. அதை ஏன் கழட்டச் சொல்லல?"

அசில் தலைத்துணியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று.

"கழட்ட வேணாம்னு நான்தான் சொன்னேன். நீங்க பாக்கணும்னுதான். வா வான்னு கூப்ட்டா வரல. குதிரை இங்க நிக்கறதப் பாத்தாவது எங்க வீட்டுக்கு வருவீங்கன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "போலீசுக்குப் போவீங்கன்னு நெனைக்கல" என்றாள்.

*

செவலை அங்கேயே நின்றது. மறுநாள் அதன் குட்டியை ஜீப்பின் பின்பக்கம் ஏற்றிக் கீழே கொண்டுவந்தோம். வழியெல்லாம் அண்ணன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரப்பர் காம்பை அது கடைசிவரை ஏற்கவில்லை, கால்கள் தள்ளாடின. கொட்டகையில் இறக்கிவிட்டதும் செவலை அதைத் தலை முதல் வால்வரை மோந்தது. குட்டி மடியில் முட்டியது. பால் வாயோரம் வழிந்தது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குபாத் ஒரு மூலையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எசெனாலி நினைவுச் சாப்பாட்டுக்கு ஒரு கிழட்டுக் குதிரையை வேறெங்கோ பிடித்திருந்தார். செவலையை வெட்டப்போவதில்லை என்று அவர் சொல்லவில்லை. கிழட்டுக் குதிரையை வாசலில் கட்டி எங்களுக்குக் காட்டினார், அவ்வளவுதான். கலீமா எங்களுக்கு வணக்கம் சொன்னாள், உள்ளே போய்விட்டாள். மற்றவர்கள் அவரவர் வேலையில் இருந்தார்கள். அசில் வாய்க்காலிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொப்பரையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது அண்ணன் அவளருகில் போனார். நான் வண்டியின் முன்மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர்கள் பேசியது கேட்டது.

"இப்ப யாராவது எதுனா சொல்றாங்களா? காத்துக் குதிரைன்னு?"

"இல்லப்பா."

"சரி."

"நேத்துலருந்து எங்கிட்ட யாரும் பேசவே இல்ல. அவரும் பேசல. சாப்பாடு எடுத்து வெச்சா வந்து சாப்ட்டுட்டுப் போறாங்க."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனாள். அண்ணன் அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் முன்மூடியைச் சாத்தினேன். அண்ணி ஏற்கனவே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"ஏறுங்கண்ணே, கறவைக்கு நேரமாச்சு" என்றேன்.

"நீங்க போங்க" என்றார்.

மேலங்கியைக் கழற்றி வேலிமேல் போட்டார். விறகுக் குவியலில் செருகியிருந்த கோடரியை உருவி, ஒரு கட்டையை நிறுத்தி வைத்துப் பிளக்க ஆரம்பித்தார். பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தி வீட்டு வாசலில் விறகு பிளப்பதை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். எசெனாலி பதறிப்போய் வெளியே வந்தார்.

"சம்பந்தி, என்ன இது? விடுங்க, பையன் பண்ணுவான்."

"சாப்பாடு முடியறவரைக்கும் நான் இங்கதான் சம்பந்தி. படுக்க ஒரு எடம் குடுங்க, கொட்டகையானாலும் சரி."

எசெனாலி அவர் கையைப் பிடிக்கப் போனார். அண்ணன் அடுத்த கட்டையை நிறுத்தினார். எசெனாலி கொஞ்ச நேரம் நின்றார், பிறகு குனிந்து பிளந்த துண்டுகளைப் பொறுக்கிச் சுவரோரம் அடுக்கத் தொடங்கினார்.

அண்ணி என்னை வண்டியைக் கிளப்பச் சொல்லவில்லை. நானும் கிளப்பவில்லை. அசில் நிறைந்த வாளியோடு திரும்பி வந்தாள். முற்றத்தில் நடப்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள். தண்ணீர் தளும்பி அவள் காலில் விழுந்தது. அண்ணனின் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அடுப்படி ஜன்னல் திறந்தது. கலீமாவின் முகம் தெரிந்தது. அவள் விறகு பிளக்கிறவரைப் பார்த்தாள், தெருவில் நின்றவர்களைப் பார்த்தாள், அப்புறம் மருமகளைப் பார்த்தாள்.

"அசில்" என்று கூப்பிட்டாள். "உங்கப்பாவுக்கு டீ கொண்டு போய்க் குடு."